வேட்டை நாயும் இரண்டடிச் சங்கிலியும்

ஓசூர் பக்கம் புதிதாக ஒரு நாகரிகம் பரவியிருக்கிறது. சிப்காட்டில் வேலை, லே-அவுட்டில் வீடு, வாசலில் கார், காருக்குப் பக்கத்தில் ஒரு சிப்பிப்பாறையோ கன்னியோ முதோளோ. நாய் நிற்பது இரண்டடிச் சங்கிலியில். கேட்டால், "நாட்டு இனத்தைக் காப்பாத்துறோம் சார்" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் இன்று கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

என் மகன் வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான். அவனோடு வேலை பார்த்தவர் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறார். மூன்று வயது முதோள் கலப்பு நாய் ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிடப் பார்க்கிறார். "தாத்தா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்று பேத்தி தினமும் போன் செய்கிறாள். எடுக்கலாமா, கூடாதா?

முதலில் இது என்ன நாய் என்று பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த வகை நாயைப் பிரெஞ்சில் 'லெவ்ரியே' என்பார்கள். 'லியேவ்ர்' என்றால் முயல். முயல் பிடிப்பதுதான் அதன் தொழில் என்று பெயரே சொல்லிவிடுகிறது. அரேபியாவின் சலூக்கி, இங்கிலாந்தின் கிரேஹவுண்ட், கர்நாடகத்தின் முதோள், நம் கரிசல் காட்டுக் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் ஒரே வார்ப்பு. நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு. மற்ற வேட்டை நாய்கள் மோப்பம் பிடித்துப் போகும். இவை கண்ணால் பார்த்துத் துரத்தும். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. இந்த ரத்தம் கலந்த நாயை இங்கிலாந்தில் லர்ச்சர் என்பார்கள். கலப்பு என்பதால் துரத்தும் குணம் குறைந்துவிடாது.

பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005இல் முதோளுக்கும் ராஜபாளையத்துக்கும் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலியில் முதோள், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். மகிழ்ச்சிதான். ஆனால் தபால்தலையில் இருக்கும் நாயை யாரும் நடத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை. வாசலில் கட்டிய நாய்க்குக் காலையும் மாலையும் நடை வேண்டும். இனத்தைக் காப்பது என்பது தலைமுறை தலைமுறையாக நல்ல ஜோடி பார்த்துச் சேர்த்து, கணக்கு வைத்துச் செய்யும் வேலை. முதோள் அருகே திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் அதைச் செய்கிறது. தெற்கே கரிசல் காட்டுக்காரர்கள் செய்கிறார்கள். லே-அவுட் வாசலில் தனியாகக் குரைக்கும் ஒற்றை நாய் எந்த இனத்தையும் காப்பாற்றாது.

எதிர்க்கட்சிக்காரர்களும் சரியில்லை. "வேட்டை நாய், குழந்தையைக் கடிச்சிரும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் மருமகளைப் பயமுறுத்தியிருக்கிறார். இந்த நாய்கள் பெரும்பாலும் வீட்டாரிடம் சாதுவானவை. ஓடி முடித்தால் பகலெல்லாம் தூங்கும். குழந்தையிடம் எந்த நாயையும் தனியே விடக்கூடாது என்பது பொது விதி. இந்த நாயால் உண்மையான ஆபத்து பூனைக்கும் கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும்தான். உடம்பில் கொழுப்பு குறைவு, தோல் மெலிது. எங்கள் தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க வைப்பது கொடுமை. கருத்தடை செய்யப் போனால், என்ன வகை நாய் என்று மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்; சில மயக்க மருந்துகள் இவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"அவிழ்த்து விட்டால் காட்டுப்பக்கம் ஓடி விளையாடட்டுமே" என்பார் இன்னொருவர். எந்தக் காடு? அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் காடுகள் 2014 முதல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். யானையும் சிறுத்தையும் உள்ள இடம். யானையைச் சீண்டிவிட்டு நாய் ஓடிவருவது நம்மிடம்தான். பின்னால் யானையும் வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் விலங்கை நாய் விட்டுத் துரத்துவதும் வேட்டைதான். பிரான்சில் லெவ்ரியேவை வைத்து வேட்டையாடுவதை 1844லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இங்கிலாந்தில் 2004இல் தடுத்தார்கள். எங்கள் ஊர் சாமியே பேட்டராய சுவாமி. கன்னடத்தில் பேட்டெ என்றால் வேட்டை. வேட்டை சாமியோடு இருக்கட்டும், நமக்கு வேண்டாம்.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் சட்டப் பிரிவைச் சொல்லாமல் விடமாட்டான். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு வேண்டிய நடையோ ஓட்டமோ கொடுக்காமலிருப்பதும் குற்றம். தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். ஓசூர் லே-அவுட்டில் ஒரு தெரு நடந்தால் முதல் இரண்டும் கண்ணில் படும்.

ஆகவே மகனிடம் நான் சொன்னது இதுதான். குட்டி விலைக்கு வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இது வளர்ந்த நாய், இடமில்லாமல் நிற்கிறது; எடுக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனை. நாலடி காம்பவுண்டுச் சுவரை ஆறடி ஆக்க வேண்டும். காலை ஐந்தரைக்கும் மாலையிலும் கையில் வாருடன் நடத்திப் போவது யார் என்று பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்ட வேண்டும். ஷிப்ட் மாறினால் மாற்று ஆள் பெயரும் வேண்டும். வீட்டுக்குள் சங்கிலியே இருக்கக்கூடாது. ஒன்று தவறினாலும் எடுக்காதே. பேத்தி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு ஜீவன் கட்டிக் கிடப்பதைவிட ஒரு வாரக் கோபம் சின்னது.

உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். அப்போது எந்த இனம், என்ன விலை, எவ்வளவு பெருமை என்று பேச ஆரம்பிக்காதீர்கள். காலையில் யார் எழுந்திருப்பது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், வீட்டுக்கு நாய் வேண்டாம்.