நிலம் ஆடுவதே எச்சரிக்கை

தில்லிக்கு அந்தமான், நிகோபார் தீவுகள் வெகுகாலம் வரைபடத்தின் ஓரத்துப் புள்ளிகளாகவே இருந்தன. இப்போது தலைநகரின் பார்வை அங்கேதான். கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவற்றுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. 2024 நவம்பரில் கடலடிக் கனிமங்களை முதன்முறையாக ஏலத்துக்கு விட்டபோது, 13 தொகுதிகளில் 7 அத்தீவை ஒட்டிய கடலில் இருந்தன. 2025 செப்டம்பரில் அந்தமான் கடலில் இயற்கை எரிவாயு கிடைத்திருப்பதாக பெட்ரோலிய அமைச்சர் அறிவித்தார்.

கணக்கில் வரவு தெரிகிறது. ஆபத்து?

இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கலில் கடலடி மடிந்து மேலே எழுந்ததால் உருவானவை இந்தத் தீவுகள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிய பேரன் தீவு எரிமலை 1991-ல் விழித்துக்கொண்டதும் இதனால்தான். 1881, 1941 பூகம்பங்களும் இதன் விளைவே.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடி பிளந்தது. கிரேட் நிகோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது. வட அந்தமானிலோ பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்தன. அன்று வானிலைத் துறையின் தொலைநகல், ஏழு மாதங்களுக்கு முன்பே பதவியிழந்திருந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. தமிழகக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அது வீணாயிற்று.

2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இனி நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் தகவல் முந்திக்கொள்ளும். நிகோபாருக்கு? பிளவு அவர்கள் காலடியிலேயே கிடக்கிறது. அங்கே நிலம் ஆடுவதுதான் எச்சரிக்கை. அதன்பின் மிஞ்சுவது சில நிமிடங்களே.

2004 போன்ற பெரும் பூகம்பம் திரும்ப 420 முதல் 750 ஆண்டுகள் ஆகும் என்று திட்ட ஆவணங்கள் ஆறுதல் சொல்கின்றன. ஆனால் 7.5 அளவைத் தாண்டும் பூகம்பங்களுக்கு அதே ஆவணங்கள் தரும் இடைவெளி 80 முதல் 120 ஆண்டுகள்தான். ஒரு துறைமுகத்தின் ஆயுளுக்குள் வரக்கூடிய ஆபத்து இது. தவிர, இவை சராசரிகள். பூமி தவணை தேதி பார்த்து வருவதில்லை.

2011 கணக்கெடுப்பில் கிரேட் நிகோபாரின் மக்கள் தொகை சுமார் 8,000. பழங்குடிகளான ஷொம்பென், நிகோபாரிகளோடு, 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களும் அதில் அடக்கம். அவர்களில் தமிழர்களும் உண்டு. வருங்காலத்தில் மூன்றரை லட்சம் பேர் வசிப்பார்கள் என்கிறது திட்டம். அவர்களை எந்த உயரத்தில் குடியமர்த்துவார்கள்? மேட்டுக்கு ஓட எத்தனை பாதைகள்? 4 மீட்டர் தாழ்ந்த கரை இன்று எந்த மட்டத்தில் நிற்கிறது? முதல் கல் நடுவதற்கு முன் இந்த மூன்றுக்கும் பதிலைத் தில்லி பகிரங்கமாக வெளியிட வேண்டும். அங்கே வசிக்கப் போகிறவர்களுக்கு, புரிகிற மொழியில்.