மாட்டுக்குக் கண்ணீர், கோழிக்குக் கூண்டு

2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாட்டறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு இணங்கியது. அதனுடன் இன்னொன்றும் சேர்ந்திருந்தது: மாட்டிறைச்சி உண்போருக்காக அதனை வெளிநாட்டிலிருந்து தருவித்துச் சலுகை விலையில் வழங்குவதாம். நம் மண்ணில் அறுபட்டால் பாவம். அந்நிய மண்ணில் அறுபட்டுக் குளிரூட்டிய பெட்டியில் கப்பலேறி வந்தால் பாவமில்லை!

சீவகாருண்யத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இந்நாட்டில் அக்குரல் எழும்போதெல்லாம் அது விலங்கை நோக்காது இறைச்சிக்கடைக்காரரையே நோக்குவதைப் பல்லாண்டுகளாகச் செய்தி எழுதியவன் என்ற முறையில் பார்த்து வந்திருக்கிறேன். அக்கடைக்காரர் பெரும்பாலும் முஸ்லிம் என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2013 வெசாக் நாளன்று கண்டியில் பிக்கு ஒருவர் மாட்டறுப்பை எதிர்த்துத் தீக்குளித்து மாண்டார். கோழிக்காக எவரும் ஒரு சுவரொட்டி ஒட்டியதைக்கூட நான் கண்டதில்லை.

கூண்டில் வளரும் முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஏ4 தாளினும் சிறியது. அதற்குள் சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட மறைவிடம் தேட முடியாது. காட்டில் ஆண்டுக்குச் சில முட்டைகளே இட்ட இனத்தின் வழித்தோன்றல் இன்று ஏறத்தாழ 300 இடுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தை உடல் எலும்பிலிருந்தும் எடுப்பதால் எலும்பு நொய்ந்து முறிகிறது. முட்டையினத்துச் சேவற்குஞ்சுகளோ முட்டையும் இடா, இறைச்சிக்கும் கட்டுபடியாகா. ஆதலால் பொரித்த கையோடு கொல்லப்படுகின்றன. (முட்டை சைவந்தான் என்று வாதிடும் நம்மவர் கவனிக்க.)

வெற்றுக் கூண்டுகளை ஒழிக்க ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் முடிவெடுத்தது. பண்ணையாளருக்கு அவகாசமளித்து 2012 இல் தடையை நடைமுறைப்படுத்தியது. குஞ்சுக் கொலையை ஜெர்மனி 2022 இல் தடைசெய்தது. நம்மிடம் இருந்ததோ 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கொடுமைக்கு அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா! அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்த சட்டமூலம், மாட்டறுப்புத் தடைக்கு அமைச்சரவை அவசரமாகக் கையுயர்த்திய 2020 இலும் சட்டமாகியிருக்கவில்லை.

கூண்டை அகற்றினால் ஏழையின் முட்டை விலையேறும் என்பர். ஓரளவு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் 2022 இல் ஏழையின் தட்டிலிருந்து முட்டையைப் பறித்தது யார்? தீவனம் இறக்கக் கையில் டொலர் இல்லாத அரசு. கூண்டுகள் அத்தனையும் அப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாட்டறுப்புத் தடைக்காக மேடையேறுவோர் அடுத்த முறையேனும் கூண்டின் நீள அகலத்தைச் சொல்லட்டும். எந்தப் பெயருடையவர் பண்ணையானாலும் சரி.