புனோம்பென்னில் ஒரு பள்ளிக்கூடம்



அங்கோர்வாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். அடுத்து கிளம்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கம்போடியத் தலைநகர் புனோம்பென்னுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்ற மாதம் போய்வந்தேன்.

ஒரு காலத்தில் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் அது. நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மாதிரியே நீள நீளமான வராந்தா, நடுவில் முற்றம். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரைப் பிடித்து, மக்களையெல்லாம் கிராமங்களுக்கு விரட்டியது. பிறகு இந்தப் பள்ளி எஸ்-21 என்ற ரகசியச் சிறை ஆனது. வகுப்பறைக்குள் கண்டபடி செங்கல் அடுக்கிக் கட்டிய அறைகளில் ஒன்றுக்குள் நின்றேன். இரண்டு கையையும் விரிக்க இடமில்லை. வராந்தா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாதாம். எப்போது சாக வேண்டும் என்பதையும் சிறைக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள்!

வந்தவர்களை எண் மாட்டிப் படமெடுத்தார்கள். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி, தட்டச்சு செய்து கோப்பில் சேர்த்தார்கள். சிறைத் தலைவன் டுய்க், முன்னாள் கணக்கு வாத்தியார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல வாக்குமூலங்களைப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறான். நாளெல்லாம் மெய்ப்புத் திருத்தும் எனக்கு, அங்கே பார்த்த மண்டை ஓடுகளைவிட இதுதான் அதிகம் உறுத்தியது. கொலைவெறி என்கிறோமே, இங்கே வெறியைக் காணோம். அலுவலக ஒழுங்குதான் இருக்கிறது. சும் மெய் என்ற மெக்கானிக் பிழைத்ததே, அங்கிருந்த தட்டச்சு இயந்திரங்களையும் தையல் இயந்திரங்களையும் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்டதால்தான். வான் நாத் என்ற ஓவியர் பிழைத்தது, போல் பாட்டைப் படமாக வரையத் தெரிந்ததால்.

உள்ளே போனவர்கள் 14,000 பேருக்கும் மேல். 1979 ஜனவரியில் வியட்நாம் படை நுழைந்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஓடிய அவசரத்தில் சிறைக்காரர்கள் கோப்புகளை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காகிதங்களே பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லின. டுய்க்குக்கு 2010-இல் 35 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் 2012-இல் அது ஆயுள் தண்டனை ஆனது. முப்பது வருடம் கழித்து வந்த நீதி என்று நொடித்துக்கொள்ளலாம். வந்ததே என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

கைதிகளைக் கொன்று புதைத்த இடம் சோயுங் எக், நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மழைக்காலத்தில் அங்கே மண்ணிலிருந்து எலும்புத் துண்டும் துணிக் கந்தலும் இன்னும் மேலே வருகின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள். இரண்டு இடங்களும் 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டதால் இனி கூட்டம் கூடும். காலையிலேயே போய்விடுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கல்லூரிப் பிள்ளைகள் என்றால் கட்டாயம்.

அன்புடன்,
ஆசிரியர்