பாடநூல் ஜெர்மன் மட்டும் போதாது



செவிலியர் பணிக்காக ஜெர்மன் படிக்கும் தமிழக இளைஞர்கள் பெருகிவரும் வேளையில், பல வகுப்பறைகள் பாடநூலோடு நின்றுவிடுவது கவலை தருகிறது. பாடநூல் ஒலிப்பதிவில் ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசுவார்; ஒவ்வொரு வாக்கியமும் முழுமையாக இருக்கும். உண்மையான பேச்சில் சொற்கள் சுருங்கும், வாக்கியங்கள் பாதியில் நிற்கும், இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வலியால் துடிக்கும் நோயாளி நிறுத்தி நிதானமாகப் பேசமாட்டார். எனவே ரயில் நிலைய அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள், வாடகை வீட்டு விளம்பரம், வானொலிச் செய்தி ஆகியவை தொடக்கத்திலிருந்தே வகுப்புக்குள் வரவேண்டும்.

புதிதாகப் படிப்பவர் இவற்றைக் கண்டு மிரண்டுவிடுவார் என்பது நியாயமான அச்சம். ஆனால் பனுவலை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை எளிதாக்கினால் போதும். அதே ரயில் அறிவிப்பில் தொடக்க நிலையான ஏ1 மாணவர் நடைமேடை எண்ணை மட்டும் கண்டுபிடிக்கட்டும். இடைநிலையான பி1 மாணவர் தாமதத்தின் காரணத்தையும் சொல்லட்டும். டாய்ச்ச வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் செய்திகளை மெதுவாக வாசித்து, எழுத்து வடிவத்தோடு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தொடங்குவதற்கு அது நல்ல இடம். தேர்வுக்குத் தயாராகவே நேரம் போதவில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கதே நிறுவனத்தின் ஏ1 தேர்விலேயே அறிவிப்புகளும் விளம்பரங்களும் கேள்விகளாக வருகின்றன. இலக்கணத்தை வரிசையாகக் கற்பிக்கப் பாடநூல் அவசியம்தான். அதனோடு, வாரத்தில் ஒரு வகுப்பையாவது மக்கள் புழங்கும் மொழிக்கு ஒதுக்கும்படி பயிற்சி நிலையங்களை வேண்டுகிறேன்.

— வாசகர், சென்னை