வசீம் ராசிக்கை பேர்லின் வளர்த்தது, நம்மட பிள்ளைகளை?



2021 ஜூனில் லெபனானுடனான உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியில் இலங்கை 3-2 எனத் தோற்றது. நம்மட இரண்டு கோலும் வசீம் ராசிக் அடித்தவை. அந்தக் குழுநிலைச் சுற்று முழுக்க இலங்கை போட்டதே அந்த இரண்டுதான். நவம்பரில் கொழும்பில் வங்காளதேசத்தை 2-1 என வென்றபோதும் இரண்டு கோலும் அவருடையவை. "நம்மட ஆள்" என்று எல்லோரும் பகிர்ந்தோம். பெருமைதான்.

ஆனால் அவர் பிறந்தது பேர்லினில். யூனியன் பேர்லின் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்து, மக்டேபர்க் கழகத்துக்கு ஆடியவர். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், வயதுக்கேற்ற அணி இருந்தது.

இங்கே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாவிக்கரையில் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்குக் காலில் குறையில்லை. புலமைப்பரிசில் முடிய ஓ.எல். டியூஷன் தொடங்கும். மாலை நாலு மணிக்கு மைதானத்தில் ஆடுதான் நிற்கும். பிறகு பெருநாள் கப் வந்தால் மட்டும் ஜேர்சி அடிப்போம்.

மேலேயும் அதே கதை. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையைத் தடைசெய்தது, ஓகஸ்டில்தான் நீக்கியது. ராசிக்குக்கு அப்போது 28 வயது. முன்கள வீரருக்கு அது விளைச்சல் காலம்.

அமெரிக்காவிலிருந்து வந்த வெபர் அடிகளார் மட்டக்களப்புக்கு மைதானம் அமைத்துத் தந்தார். நாம் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. ஒரு பெருநாள் கப்பின் லைட் செலவை மிச்சம் பிடித்து, 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு பயிற்சியாளரை வைப்போம். ஆரையம்பதி, ஓட்டமாவடி பிள்ளைகளையும் சேர்த்து வருடம் முழுக்க ஒரு லீக் நடத்துவோம். கழகத் தலைவர்மார் கீழே பதில் போடுங்கள்.