சிற்றூருக்கு ஒரு மனநலத் தாதி வேண்டும்



நம்மவர் பேச்சில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது ஓர் ஊரின் பெயராக ஒலிப்பதில்லை; ஏளனச் சொல்லாகவே ஒலிக்கின்றது. 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அங்குள்ள மனநல மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்னும் பெயரில் இயங்கி வருகின்றது. அங்குச் சிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பியோர் பலர். திரும்பிய பின்னர், தோட்டத்திலும் சிற்றூரிலும் அவர்களைத் தொடர்ந்து கவனிப்பவர் யார்? இவ்வினாவை நாம் கேட்பதே இல்லை.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியுள்ளனர். 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுள் 16.5 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உள்ளது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஐவர் என்று கொள்ளலாம். மனநல மருத்துவர்களோ ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய ஒருவரே. அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் உள்ளனர். ‘மெந்தாரி’ எனும் சமூக மனநல மையங்கள் 2015 முதல் இயங்கி வருவது பாராட்டுக்குரியது. ஆனால், பேருந்தே வராத தோட்டத்திலிருந்து ஒருவர் அங்குச் சென்று சேர்வது எப்படி?

இதற்கும் பள்ளிக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கக்கூடும். நேரடித் தொடர்பு உண்டு. அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளை, கசங்கிய சீருடையில் பசியோடு வரும் பிள்ளை, காரணமின்றி அழும் பிள்ளை ஆகியோரின் வீட்டைப் பற்றி விசாரித்தால், தாயோ தந்தையோ மருந்தை நிறுத்திவிட்டார் என்பது சில வேளைகளில் தெரிய வரும். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால், மனநல மருத்துவரைக் காண மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின் வண்டிச் செலவும் ஒருநாள் சம்பளமும் போய்விடும். “இப்பொழுது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று மருந்தை விடுகின்றனர். நோய் திரும்பி வருகின்றது. பெரியவரின் நோய் முதலில் தெரிவது பிள்ளையின் முகத்தில்தான்.

மனநலப் பயிற்சி பெற்ற ஒரு தாதி அருகிலுள்ள கிளினிக்கில் இருந்தால் நிலைமை மாறும். மாதந்தோறும் போட வேண்டிய ஊசியை அவரே போடுவார். கை நடுங்குகிறதா, உடல் எடை கூடுகிறதா எனப் பக்கவிளைவுகளைக் கவனிப்பார். குறித்த நாளில் வராதவரைத் தொலைபேசியில் அழைப்பார்; தேவையாயின் வீட்டிற்கே செல்வார். தூக்கம் குறைவதும் பேச்சு மாறுவதும் நோய் திரும்புவதன் அறிகுறிகள் எனக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுப்பார். மருத்துவர் சில நிமிடங்களில் செய்ய இயலாத பணி இது.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் உயர்நிலைத் தாதியர் பயிற்சி தொடங்கியது. மருத்துவர் பற்றாக்குறையே அதற்குக் காரணம். இன்று அங்கு மனநலத் துறையின் உயர்நிலைத் தாதியர் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகின்றனர்; பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வையின்றியே அப்பணியைச் செய்கின்றனர். நம் நாட்டில் தாதியர்க்கு அவ்வுரிமை இல்லை. அதனை முழுமையாக இங்குக் கொண்டுவர வேண்டும் என நான் கூறவில்லை. என் பரிந்துரைகள் மூன்று:

1. சிற்றூர்க் கிளினிக் ஒவ்வொன்றிலும் மனநலப் பயிற்சி பெற்ற தாதி ஒருவரேனும் இருக்க வேண்டும். அவரை வேறு பிரிவுக்கு அடிக்கடி மாற்றக்கூடாது. நம்பிக்கை ஒரே நாளில் வளர்வதன்று.

2. நோய் கட்டுக்குள் உள்ளவர்களுக்கு, மருத்துவர் வகுத்த திட்டத்தின்படி அதே மருந்தைத் தொடர்ந்து வழங்க அவருக்கு அதிகாரம் வேண்டும்.

3. தமிழர் மிகுதியாக வாழும் இடங்களில் தமிழறிந்த தாதியரை அமர்த்த வேண்டும். மனத்துயரைத் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல முடியும்.

மருந்து விடயத்தில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. லித்தியம் போன்ற மருந்துக்கு இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. ஆதலால்தான் புதிய நோயாளிகளையும் நிலை மோசமானவர்களையும் மருத்துவரே பார்க்க வேண்டும் என்கிறேன். ஆனால், மருந்தே இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பது அதனினும் பெரிய ஆபத்தன்றோ?

பெற்றோர்களே, கோவிலுக்குச் செல்லுங்கள், கிளினிக்குக்கும் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று. காற்று, கறுப்பு, செய்வினை என்று காலத்தைக் கடத்தாதீர்கள். ஆசிரியர்களே, மாணவர் எண்ணிக்கை குறைந்த நம் பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை. அருகிலுள்ள கிளினிக்கின் தாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு ஒருமுறை அழைத்துப் பேசச் செய்யுங்கள். ‘மிஸ்ஸி’ நமக்குத் தெரிந்தவர் என்றால், கிளினிக் வாசலை மிதிக்கும் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. சட்டமே மாறிவிட்டது. நம் ஏளனச் சொல்லும் இனி மாற வேண்டாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.