பகடைக்கு முன் வரும் பேச்சு

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்று சிறு நூல்களில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என மூன்றே கிளாஸ்கள். பாதாள அறையில் பொறி இருக்கிறதா என்று அறிய, யார் எந்தப் பாத்திரமாக ஆடினாலும் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்: நீளக் கழியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன், தண்ணீரை ஊற்றி எந்த இடுக்கில் இறங்குகிறது என்று கவனிக்கிறேன். அடுத்த ஆண்டு ‘கிரேஹாக்’ துணைநூலில் திருடன் வந்தான். ஓசையின்றி நடக்க, நிழலில் மறைய, சிறு பொறிகளை அகற்ற அவனுக்குச் சதவீத எண்கள் கிடைத்தன. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் நூலில், பொறியைக் கண்டுபிடிக்க முதல் நிலைத் திருடனுக்கு இருந்த வாய்ப்பு 10 சதவீதம்.

மற்றவர்கள் ஒளியக் கூடாது என்று அந்தத் துணைநூல் தடை போடவில்லை. ஆனாலும் ஒருவர் தாளில் ‘நிழலில் மறைதல்’ என்று அச்சாகிவிட்டால், அந்த வரி இல்லாத தாளை வைத்திருப்பவர் அதைத் தனக்கான தடையாகவே படிக்கிறார். போர்வீரராக ஆடுபவருக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. திருடனாக ஆடுபவரும் எங்கே, எப்படி மறைகிறேன் என்று சொல்லாமல் பகடையை எடுத்துவிடுகிறார். இருவர் வாயிலிருந்தும் வந்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம் வராமல் போகிறது. விதிகள் கற்பனையை முடக்குகின்றன என்ற பழைய புகாரின் வேர் இந்த இழப்பில் இருக்கிறது. புகார் நியாயமானதுதான்.

அதிலிருந்து பலர் இறங்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. விதி குறையக் குறையக் கற்பனை பெருகும் என்கிறார்கள். நம் ஆட்டத்துக்கு மூதாதையான பிரஷ்யப் படையின் கிரீக்ஸ்ஷ்பீலிலேயே இந்தச் சோதனை நடந்திருக்கிறது. இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட வடிவம் பகடையும் இழப்பு அட்டவணைகளும் நிறைந்தது. கணக்குப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது என்ற அலுப்பு வளர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். ஆட்டம் விறுவிறுப்பானது. ஆனால் அந்த முறை, அனுபவம் மிக்க படை அதிகாரி ஒருவர் நடுவராக உட்காருவார் என்ற நம்பிக்கையில் நின்றது. 2008இல் மேட் ஃபின்ச் எழுதிய கையேடு, விதியைத் தேடாதே, தீர்ப்புச் சொல் என்று இதே வழியைப் பழைய பாணி ஆட்டக்காரர்களுக்கு மீண்டும் காட்டியது. நல்ல கேம் மாஸ்டர் இருக்கும் மேசையில் அது எவ்வளவு அழகாக நடக்கும் என்று இதைப் படிக்கும் பலரும் கண்டிருப்பார்கள்.

நம் கேம் மாஸ்டர்களில் யார் கோட்டைச் சுவர் ஏறியிருக்கிறார்கள்? அவர்களுடைய தீர்ப்பு பார்த்த படங்களிலிருந்தும் ஆடிய ஆட்டங்களிலிருந்தும் வருகிறது. விதி இல்லாத மேசையில் நாலு வாரம் ஆடினால் போதும், கேம் மாஸ்டருக்கு எது பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் யோசனைகளெல்லாம் அந்த ரசனையைச் சுற்றியே வரும். பேச்சு வன்மை உள்ளவருக்குக் கதவுகள் திறக்கும். தயங்கித் தயங்கிப் பேசுகிறவருக்கு, முதல் முறை வந்து உட்கார்ந்தவருக்கு? பகடையில் 18 விழுந்ததைக் காட்டி, நான் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன் என்று அவர் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அது அவருக்குக் கிடைத்த உரிமை. சுதந்திரத்தின் பெயரால் அதைப் பறிப்பதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே விதிகள் எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை. ஒரு விதி ஆட்டக்காரரிடம் எதைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) இறுக்கமான விதிகள் கொண்ட ஆட்டம். கொள்ளைக்கு முன் மணிக்கணக்கில் திட்டம் தீட்டும் சுதந்திரத்தை அது வெளிப்படையாகவே எடுத்துவிடுகிறது. எந்த வகைத் திட்டம், அதில் ஒரே ஒரு விவரம். உடனே பகடை உருட்டி நேராகக் களத்துக்குள். என்னென்ன சாமான் கொண்டுவந்தோம் என்பதும் முன்கூட்டி முடிவாவதில்லை. சுமை எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதும்: இலேசானது என்றால் 3, சாதாரணம் 5, கனமானது 6. தேவைப்படும் கணத்தில் கயிறோ விளக்கோ பையிலிருந்து வெளியே வரும். காவலர் எதிரே வந்து நின்றால், நேற்றே அவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன் என்று பின்கதை சொல்லலாம். எளிய ஏற்பாடு என்றால் செலவில்லை, சிக்கலானால் மன அழுத்தப் புள்ளிகள் ஏறும். அந்தச் செலவுதான் இதில் நுட்பமான இடம். இலவசமாக விட்டால் பின்கதை சலித்துவிடும். விலை இருப்பதால் ஒவ்வொருவரும் தன் பாத்திரம் இந்த ஊரில் யாரைத் தெரிந்து வைத்திருக்கும், எதற்குத் துணியும் என்று யோசித்தே சொல்கிறார். கற்பனையை அழைத்து வரும் வேலையை இங்கே விதியே செய்கிறது.

ராபின் லாஸின் கம்ஷூ முறை (2007) இன்னொரு வழியில் போனது. துப்பறியும் திறனுள்ள பாத்திரம் சரியான இடத்தில் தேடினால் துப்பு கிடைத்தே தீரும், பகடைக்கு அங்கே வேலையில்லை. துப்புக்கு என்ன பொருள் என்று யோசிப்பது மட்டும் ஆட்டக்காரரின் பொறுப்பு.

அச்சில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு பாடம். விதியில் இல்லாத செயலை எப்படி நடத்துவது என்று டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் 42ஆம் பக்கம் தெளிவாகச் சொன்னது. சரவிளக்கில் தொங்கிப் பாய்ந்து ராட்சதனைக் கனல் தொட்டியை நோக்கி உதைக்கும் உதாரணத்தோடு. நல்ல விதி அது. ஆனால் அனுமதி கேம் மாஸ்டரின் நூலுக்குள் இருந்தது. ஆட்டக்காரர் முன்னால் அவருடைய சக்திகளின் பட்டியல் இருந்தது. கண் போன இடத்துக்குத்தான் கையும் போனது. விதிநூல் எழுதுகிறவர்கள் தாள் வடிவமைப்பைக் கடைசி வாரத்து வேலையாக ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். எந்த வரி யார் கண்ணில் படுகிறது என்பதும் விதிதான்.

வின்சென்ட் பேக்கரின் ‘அபோகாலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) முதலில் பேச்சு, பிறகு பகடை என்ற வரிசையை விதியின் இலக்கணத்திலேயே வைத்தது. கதைக்குள் ஒரு செயலைச் சொன்னால்தான் அதற்குரிய விதி விழிக்கும். அதன் பிறகே இரண்டு பகடைகள்: 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு கூடிய வெற்றி. விதியின் பெயரை மட்டும் சொல்கிற ஆட்டக்காரரிடம், சரி, என்ன செய்கிறாய் என்று கேட்பது கேம் மாஸ்டரின் கடமையாகிறது.

இந்தக் கேள்வியைப் பழைய ஆட்டங்களிலும் நாளைக்கே கேட்கலாம், புதுப் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இதழுக்குச் சோதனை ஆட்ட அறிக்கை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெற்றி விகிதக் கணக்கோடு நிறுத்திவிடாமல், பகடையை எடுக்குமுன் ஆட்டக்காரர் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒன்றும் சொல்லாமல் எடுத்திருந்தால், எந்த விதியில் அது நடந்தது என்று குறியுங்கள்.